கால்பந்து ஆசான் ரகீம்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல், தம்மம்பட்டி)

நம் கல்லூரித் திடலில் மாலை வேளைகளில் கால்பந்து ஆடுவோரைவிட, ஆட்டம் முடிந்தபின் மரத்தடியில் அமர்ந்து வாதிடுவோர் தொகை மிகுதி. யாரை எந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும்? மோதி விழுந்து இரத்தம் கண்டவனை மீண்டும் ஆடவிட்டது தகுமா? இவ்விரண்டு கேள்விகளைச் சுற்றியே அவ்வாதங்கள் எல்லாம் சுழலும். இதே இரண்டு கேள்விகள் ஒரு மனிதரின் வாழ்வில், ஒரே வாரத்தில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் கூடிய அரங்கில் வந்து நின்றன. அவர்தாம் இந்தியக் கால்பந்து அணியின் பயிற்றுநராகத் திகழ்ந்த சையது அப்துல் ரகீம். அவரை அறிந்தோர் அன்போடும் மரியாதையோடும் ரகீம் சாகிப் என்றே அழைத்தனர். 2024-ஆம் ஆண்டு வெளிவந்த ‘மைதான்’ என்னும் இந்தித் திரைப்படத்தால் அவர் பெயர் நம் தலைமுறைக்கும் எட்டியது. ஆயினும் திரைப்படம் கைதட்டலோடு முடிந்துவிடும். நமக்கோ கைதட்டல் ஓய்ந்த பிறகுதான் வாதமே தொடங்குகிறது.

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள், நிஜாம் ஆட்சியிலிருந்த ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக் கழகத்தில் பட்டம் பெற்றார். பின்னர்ப் பள்ளி ஆசிரியராகி, காச்சிகுடா, சாதர்காட் முதலிய இடங்களின் பள்ளிகளில் பாடம் கற்பித்தார். உடற்கல்வியில் பட்டயமும் பெற்று விளையாட்டுப் பொறுப்பையும் ஏற்றார். கமர் கிளப் என்னும் உள்ளூர்க் கழகத்தில் தாமும் ஆடியவர்தான். எனினும் அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதற்காக எவரும் அவரை நினைவுகூர்வதில்லை. அவர் ஆசிரியர். கால்பந்தும் அவருக்கு ஒரு பாடமே. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் போன்றோருக்கு ஆசிரியர் என்றால் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. இவன் எதற்கு ஆவான் என்று பெற்றோருக்கும் தெரியாத காலத்தில் அதைக் கண்டு சொல்பவர் அவர். ரகீமின் திறமை முழுவதும் இந்த ஒன்றிலேயே அடங்கியிருந்தது என்பது என் துணிபு.

எங்கள் தம்மம்பட்டியில் மரச் சிற்பம் செதுக்குவோர் பலர் உள்ளனர். அவர்கள் உளியை எடுக்கும் முன் மரத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். அதன் ஓட்டம் எப்பக்கம், முடிச்சு எங்கே, எந்தப் பக்கம் முகமாகும், எந்தப் பக்கம் பீடமாகும் என்று கண்ணாலேயே அளப்பார்கள். ரகீமும் ஆட்களை இப்படித்தான் பார்த்தார்.

1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரான அவர், இறக்கும்வரை அப்பொறுப்பில் இருந்தார். 1950-இல் ஐதராபாத் நகரக் காவல் துறை அணிக்குப் பயிற்றுநரானார். அந்த அணி பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் வென்றது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்று எண்ணப்பட்ட காலத்தில், தக்காணத்துக் காவலர்கள் இவ்வாறு வென்றது எத்துணை வியப்பை விளைவித்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அவர் கையாண்ட பயிற்சி முறைகள் அந்நாளில் புதுமையானவை. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிரிகளை ஏய்த்தபடி நெடுந்தூரம் ஓடுவதுதான் நம்மவர்க்குப் பெருமை. ரகீமோ ஏய்த்து ஓடவே கூடாது என்று விதி வைத்துத் தனிப் போட்டிகள் நடத்தினார். பந்து வந்ததும் ஒரே தொடுதலில் அடுத்தவருக்கு அனுப்பிவிட வேண்டும். எந்தக் கால் வலுவற்றதோ அந்தக் காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டி வைத்தார். பந்தை நெடுநேரம் வைத்திருப்பவனைத்தான் எதிரி வந்து இடிப்பான். உடனே அனுப்பிவிட்டால் இடிக்க வருபவன் காற்றைத்தான் இடிப்பான். உடல் பருமனும் உயரமும் குறைந்த நம் ஆட்டக்காரர்களை வன்மையான மோதல்களிலிருந்து காக்க அவர் தேடிய கவசம் இது என்றே எனக்குத் தோன்றுகிறது. இயற்பியல் மாணவனுக்கு இதில் ஐயமே எழாது. எடையும் வேகமும் மிகுந்தவனோடு மோதி வெல்ல முடியாது. மோதும் நொடியில் அங்கே இல்லாமல் இருக்கத்தான் முடியும்.

1950-இலேயே இந்திய அணியின் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில், இறுதி ஆட்டத்தில் ஈரானை 1–0 என வென்று இந்தியா தங்கம் பெற்றது, கோலடித்தவர் மேவாலால். மறு ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் நேர்ந்ததோ பெருந்தோல்வி. யூகோசுலாவியா நம்மை 10–1 என்று நசுக்கியது. நம்மவரிற் பலர் வெறுங்காலோடு ஆடினர். குளிர்நாட்டுத் தரையில், ஆணி பதித்த காலணிகளுக்கு எதிரே வெறுங்கால்! 1911-இல் மோகன் பகான் அணி, ஒருவர் நீங்கலாக வெறுங்காலோடு ஆடியே ஆங்கிலப் படைப்பிரிவு அணியை வென்ற பெருமையை நாம் நாற்பது ஆண்டுகளாகப் பேசிப் பேசி, அதையே ஒரு கொள்கை போலாக்கி விட்டோம். ஹெல்சிங்கிக்குப் பிறகுதான் காலணி கட்டாயமாயிற்று.

அதே ஹெல்சிங்கியில் தங்கம் வென்ற அணி ஹங்கேரி. 1953-இல் இலண்டன் வெம்பிளித் திடலில் இங்கிலாந்தை 6–3 என்று தோற்கடித்து அது உலகையே திகைக்க வைத்தது. அதன் சூட்சுமம் எளியது. நடு முன்வரிசை ஆட்டக்காரர் கோலருகே நில்லாமல் பின்னால் இறங்கி வந்துவிடுவார். அவரைக் காக்க வேண்டிய எதிரணிக் காவலர் பின்தொடர்ந்தால் கோலருகே வெற்றிடம். தொடராவிட்டால் அவருக்குத் தங்குதடையில்லை. ரகீம் இதைப் பாடமாகக் கற்று, நம் ஆட்களுக்கேற்ப மாற்றினார். 1958 உலகக் கோப்பையில் பிரேசில் புகழ்பெறச் செய்த நான்கு–இரண்டு–நான்கு என்னும் அணிவகுப்பின் சாயல், அதற்கு முன்பே ரகீமின் அணியில் தென்பட்டது என்று கால்பந்து வல்லுநர் பலர் கூறுவர்.

அதன் பயன் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் விளங்கிற்று. டிசம்பர் 1-ஆம் நாள் ஆஸ்திரேலியாவை அதன் மண்ணிலேயே 4–2 என வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல்கள் அடித்தார். அரையிறுதியில் யூகோசுலாவியாவிடம் 1–4 எனத் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 0–3 எனத் தோற்று நான்காம் இடம் பெற்றோம். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா எட்டிய உச்சம் இன்றளவும் அதுவே. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரியிடம் 1–2 எனத் தோற்றாலும், பிரான்சோடு 1–1 எனச் சமன் செய்தோம்.

தமிழர் பங்கையும் ஈண்டுக் குறிப்பிடுதல் தகும். செகந்திராபாத் அருகே தமிழ்ப் பெற்றோர்க்குப் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். கோல் காவலர் பீட்டர் தங்கராஜ் நீலகிரியின் வெல்லிங்டனில் உள்ள மதராஸ் படைப்பிரிவு மையத்தில் வளர்ந்தவர். தொடக்கத்தில் முன்வரிசையில் ஆடிப் பின்பு கோல் காவலரானார். ரோமில் பெரு நாட்டுக்கு எதிராகக் கோலடித்த சைமன் சுந்தரராஜும் நம்மவரே. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த கடைசிக் கோல் அதுதான்.

இனி 1962-க்கு வருவோம். நான்காம் ஆசிய விளையாட்டுப் போட்டி இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்தது. ரகீமைப் புற்றுநோய் பற்றியிருந்த காலம் அது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0–2 எனத் தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4–1 என வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் பின்வரிசையின் தூணாகிய ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டார். ஆறு தையல்கள் போட வேண்டியிருந்தது. இவர் 1936-இல் லயால்பூர் வட்டாரத்தில் பிறந்து, பிரிவினையின்போது குடும்பத்தோடு இந்தியா வந்தவர். கல்கத்தா மோகன் பகானின் புகழ்பெற்ற காவலர். எதிரிகள் அஞ்சும் வன்மையோடு பந்தைப் பறிப்பவர். அடுத்து ஜப்பானை 2–0 என வென்று அரையிறுதிக்கு வந்தாயிற்று. எதிரே தென்வியட்நாம்.

தலையில் தையலோடு இருக்கும் ஒருவரைப் பின்வரிசையில் நிறுத்தினால், உயர்ந்து வரும் ஒவ்வொரு பந்தையும் அவர் தலையால் முட்டியாக வேண்டும். ஓடிவரும் எதிரிகள் யாவரும் அவர்மேல்தான் வந்து விழுவர். நிறுத்தாவிட்டாலோ அணியின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். இங்கேதான் ரகீம் யாரும் எதிர்பாராத ஒரு முடிவெடுத்தார். ஜர்னைலை நடு முன்வரிசைக்கு மாற்றினார். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பதை அவர் மறக்கவில்லை. மரத்தின் மறுபக்கத்து ஓட்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. தென்வியட்நாமை 3–2 என வென்றோம். சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள், மீண்டும் தென்கொரியாவோடு. அரங்கின் சூழலோ கொடிது. இந்தோனேசிய அரசு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் அனுமதி மறுத்திருந்தது. இப்போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயரே பொருந்தாது என்று ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பின் மூத்த பொறுப்பாளரான இந்தியர் குருதத் சோந்தி வாதிட்டார். அதனால் மக்கள் சினம் இந்தியா மீது திரும்பி, இந்தியத் தூதரகமே தாக்கப்பட்டது. ஆட்டத்தன்று அரங்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர். இந்தியர் பந்தைத் தொட்டபோதெல்லாம் கூச்சல். நமக்காகக் குரல் கொடுத்தவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி அணியினர் என்பது பலரும் சொல்லி மகிழும் செய்தி.

கோலில் அதுவரை நின்ற பிரத்யுத் பர்மனுக்குப் பதிலாக, காய்ச்சலிலிருந்து தேறிய தங்கராஜை ரகீம் நிறுத்தினார். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். கொரியர் உயர்த்தி அனுப்பும் பந்துகளுக்கு அந்தக் கைகள் வேண்டும் என்பது அவர் கணக்கு. முன்வரிசையில் மீண்டும் ஜர்னைல். 17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி கோலடித்தார், 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் அடித்தார். கொரியர் இறுதி நிமிடங்களில் ஒன்றைத் திருப்பினர். 2–1. இந்தியா தங்கம் வென்றது.

இதுவரை சொன்னது யாவரும் கொண்டாடும் கதை. இனித்தான் நம் மரத்தடி வாதம். தலையில் தையல் பிரியாத ஒருவரை இரண்டு ஆட்டங்களில் இறக்கியது முறையா?

முறைதான் என்போர் காலத்தைச் சுட்டுவர். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆட்டத்தின் நடுவே மாற்றாள் இறக்கும் வழக்கம் உலகக் கோப்பைக்கே 1970-இல்தான் வந்தது. அடிபட்டவன் ஆட வேண்டும். இன்றேல் அணி ஓர் ஆள் குறைந்து ஆட வேண்டும். 1956-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில், மான்செஸ்டர் சிட்டியின் கோல் காவலர் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலும் ஆட்டம் முடியும்வரை நின்றார். உலகம் அவரை வீரர் என்று போற்றியது. ஜகார்த்தாவுக்கு மூன்று மாதம் முன்பு, சிலி நாட்டில் நடந்த உலகக் கோப்பையில் சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டம் ஆட்டமாகவே இல்லை, அடிதடியாக முடிந்தது. அதற்கு நடுவராயிருந்த கென் ஆஸ்டன்தான் மஞ்சள், சிவப்பு அட்டைகளைப் பின்னாளில் கண்டுபிடித்தவர். அவையும் 1970-இல்தான் களத்துக்கு வந்தன. ஆக, 1962-இல் ஆட்டக்காரனைக் காக்க அட்டையும் இல்லை, மாற்றாளும் இல்லை. இருந்தது பயிற்றுநரின் மனச்சான்று ஒன்றே. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாற்றியதே அந்த மனச்சான்றின் வேலை என்பர் இவர்கள்.

நான் இதை முழுவதும் ஏற்பதற்கில்லை. முன்வரிசையில் மோதல் குறையும் என்பது பாதி உண்மையே. நடு முன்வரிசை ஆட்டக்காரரும் பந்துக்கு எழும்புவார். எதிரணிக் காவலர் முழங்கையும் தோளும் அவர் தலையருகேதான் வரும். பின்வரிசையில் மோதல் இவரைத் தேடி வரும். முன்வரிசையில் வேண்டுமானால் இவர் விலகிக்கொள்ளலாம். வேறுபாடு அவ்வளவுதான். கோலடித்த ஜர்னைல் விலகி நின்றவராகத் தெரியவில்லை. இன்னொன்று, வென்றதனால் அது சரி என்போர் விடையைப் பார்த்து வழியை எழுதுகிறவர்கள். அந்தத் தையல் பிரிந்து, ஜர்னைல் திடலில் சாய்ந்திருந்தால் இதே முடிவை நாம் எப்படிப் பேசியிருப்போம்?

எங்கள் ஊரில் தைத் திங்களில் சல்லிக்கட்டு நடக்கும். கொம்பு பட்டவன் துண்டை இறுகக் கட்டிக்கொண்டு மீண்டும் வாடிவாசல் முன் வந்து நிற்க முற்பட்டால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்த ஆர்ப்பரிப்பில் அவன் அம்மாவின் குரல் இராது. இப்போது மருத்துவர் பார்த்த பின்பே ஆட்களை உள்ளே விடுகிறார்கள். காயம்பட்டவனை வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். அவன் சண்டை போடுவான், கெஞ்சுவான். இருபத்தாறு வயது ஜர்னைலிடம் கேட்டிருந்தாலும், ஆடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார். ஆகவேதான் அந்தக் கேள்வியை ஆடுபவனிடம் விடக்கூடாது. தலைக்காயம் பட்டவரை நிரந்தரமாக வெளியேற்றி மாற்றாள் இறக்கும் முறையைக் கால்பந்துச் சட்டக் குழு 2021-இல்தான் சோதனையாகத் தொடங்கியது. ஸ்காட்லாந்தில் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு, மூளை தேயும் நோய்களால் அவர்கள் இறப்பது மற்றவரைவிட ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று காட்டியது. இந்த அறிவு ரகீமுக்குக் கிட்டவில்லை. அதனால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. ஆனால் இன்று நம் கல்லூரி அணியில் ஒருவன் தலையில் அடிபட்டு விழுந்தால், ஜகார்த்தாவை எடுத்துக்காட்டாகச் சொல்லி அவனை எழுப்பிவிடுவதை நான் ஒப்பேன். ரகீமிடம் நாம் கடன்வாங்க வேண்டியது அவர் இடம் மாற்றிய அறிவை. தையலோடு இறக்கிய துணிவை அன்று.

இன்னொரு பக்கமும் நினைவுக்கு வருகிறது. அந்த வாரம் ஜகார்த்தாவில் உடல்நலம் பொருட்படுத்தாமல் களத்திலிருந்தவர் ஜர்னைல் மட்டுமல்லர். பயிற்றுநரும் நோயாளிதான். தம் உடலுக்கு இரங்காதவர் பிறர் உடலுக்கு எந்த அளவுகோலை வைப்பார் என்பது எளிதில் விடை காணும் கேள்வியன்று. இதில் என் நண்பர்கள் சிலர் என்னோடு உடன்பட மாட்டார்கள். அவர்கள் அடுத்த ஆண்டு மலரில் எழுதட்டும்.

ஜகார்த்தா வெற்றிக்குப் பின் ஓராண்டு முடியும் முன்பே, 1963-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், ஐம்பத்து மூன்றாம் வயதில் ரகீம் ஐதராபாத்தில் காலமானார். அவருடைய மகன் ஹக்கீம் தந்தையின் பயிற்சியில் 1960 ரோம் அணியில் இடம்பெற்றவர். பின்னாளில் பன்னாட்டு நடுவராகவும் விளங்கி 2021-இல் மறைந்தார். தங்கராஜ் 2008-இலும், பலராம் 2023-இலும் காலமாயினர். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் பெற்ற ஒரே பதக்கம் 1970 பாங்காக் வெண்கலம்.

ஜர்னைல் சிங் 1964-இல் அர்ஜுனா விருது பெற்றார். 1965 முதல் 1967 வரை இந்திய அணியின் தலைவராயிருந்தார். அப்போது அவர் ஆடியது தம் பழைய இடமாகிய பின்வரிசையில்.